ஆடலும் அடலும்

ஆடற்கலை மென்மைக்கு உரியது. போர்க்கலை வன்மைக்கு உரியது. ஒன்று கண்டார் மனத்தை மகிழ்விப்பது. மற்றொன்று எதிர்த்தாரை வீழ்த்துவது. ஆதலின், இவ்விரண்டும் நீரும் நெருப்பும் போல ஒன்றோடொன்று சேராதவை என்று எண்ணுவோர் பலர். சலங்கை கட்டிய காலுக்குக் களரியில் என்ன வேலை என்று வினவுவோரும் உளர். அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளின் பிற்பகுதியையே விடையாக வைத்தவர் சந்திரலேகா அம்மையார். அவர் பிறந்த மண் தமிழ்நாடு அன்று. எனினும், கலை பயின்றதும், படைத்ததும், கண் மூடியதும் சென்னையிலேயாம். அந்நகரின் தென்பகுதியில், பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையை அடுத்து, மரங்கள் சூழ்ந்த மனையொன்றில் அவர் வாழ்ந்தார்.

மகாராட்டிரத்தில் வாடா என்பது ஓர் ஊர். அவ்வூரில், 1928 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 6 ஆம் நாள், குசராத்தி மொழி பேசும் பட்டேல் குடும்பத்தில் சந்திரலேகா பிறந்தார். தந்தையார் மருத்துவர், கடவுட்கொள்கையில் பற்றில்லாதவர். அன்னையாரோ வழிபாட்டிலும் நோன்பிலும் ஊறியவர். ஐயத்தைத் தந்தையிடமும் ஈடுபாட்டை அன்னையிடமும் அம்மகளார் பெற்றார் போலும். பள்ளிப் படிப்பு முடிந்தபின் சட்டம் பயிலத் தொடங்கினார். ஆனால், அப்படிப்பில் அவர் நெஞ்சம் நிலைக்கவில்லை. நூலையும் வழக்கையும் விட்டுவிட்டு, ஆடல் பயிலும் ஆவலால் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் பெண்ணொருத்தி, அதுவும் இளம் பருவத்தினள், மொழி அறியாத ஊருக்குக் கலையின் பொருட்டு வந்து தங்குதல் எளிய செயல் அன்று.

அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. பரதநாட்டியம் கற்கத் தொடங்குவோர் முதலிற் கற்பது ஆடல் அன்று, நிற்றலேயாம். கால்களை இருபுறமும் விரித்து, முழங்கால்களை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை வளைக்காமல் நிற்கும் நிலைக்கு அரைமண்டி என்று பெயர். கற்றுக்கொள்ளாதவர் இரண்டு நிமிடம் அவ்வாறு நின்று பார்த்தால் தொடைகள் நடுங்குவதை உணரலாம். அந்நிலையில் நின்றவாறே அடவு என்னும் அடிப்படை அசைவுகளை மூன்று காலங்களிலும் செய்துவருதல் வேண்டும். இவ்வாறு பல திங்கள் கழிந்த பின்னரே பாட்டுக்கு ஆடும் பேறு கிட்டும். சந்திரலேகாவும் இவ்வழியே பயின்றார். உழைப்புக்கு அஞ்சாத உடலும், கண்டதை வினவும் உள்ளமும் அவரிடத்தில் ஒருங்கே இருந்தன. உடல் ஆசிரியரை மகிழ்வித்தது. உள்ளமோ அவரையே அலைக்கழித்தது.

1952 ஆம் ஆண்டில் அவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. அப்பொழுது இராயலசீமைப் பகுதியில் கொடிய வறட்சி நிலவியது. அதனால் வாடிய மக்களுக்குப் பொருள் திரட்டும் பொருட்டே அந்நிகழ்ச்சி அமைந்தது. அன்று அவர் ஆடிய உருப்படிகளுள் மதுரா நகரிலோ என்று தொடங்கும் தெலுங்குப் பாடலும் ஒன்று. யமுனையில் நீர் பெருகி ஓடுகிறது. பெண்கள் குடங்களில் நீர் மொள்கின்றனர். நீரை வாரி இறைத்து விளையாடுகின்றனர். இவற்றையெல்லாம் கையாலும் கண்ணாலும் காட்டிக்கொண்டிருந்த வேளையில், செய்தித்தாள்களில் வந்த படங்கள் அவர் மனக்கண்முன் தோன்றின. பிளந்து கிடக்கும் நிலம், ஒரு குடம் நீருக்காக நெடுந்தொலைவு காத்து நிற்கும் மக்கள், வற்றிய கிணறு ஆகியவை அப்படங்களிற் காணப்பட்டன. நீரில்லாதவர்க்கு உதவும் பொருட்டு, இல்லாத நீரை மேடையில் வாரி இறைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அவர் உள்ளம் திடுக்கிட்டது. ஆடல் தடைப்படவில்லை, அவையோரும் யாதும் அறியவில்லை. ஆனால், கலைக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவு அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அவரால் அதனை மறக்க இயலவில்லை.

அதன் பின்னும் சில ஆண்டுகள் அவர் மேடையில் ஆடினார்; புகழும் பெற்றார். தேவதாசி என்னும் நாட்டியத்தை 1960 ஆம் ஆண்டளவில் அமைத்தார். பின்னர், ஒன்பது கோள்களைப் பொருளாகக் கொண்ட நவக்கிரகம் என்னும் படைப்பையும் உருவாக்கினார். எனினும், அணிகலன்களின் சுமையும், பொன்னும் பட்டும் மின்னும் மேடையும், தலைவனை எண்ணி ஏங்கும் தலைவியின் ஓயாத கண்ணீரும் அவருக்கு உவப்பளிக்கவில்லை. பெண் என்பவள் காத்திருப்பதற்கும் கண்ணீர் உகுப்பதற்கும் மட்டுமே பிறந்தவளோ என்று அவர் உள்ளம் கேட்டது. இறுதியில் மேடையை விட்டு விலகினார். கவிதை எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், ஓவியக் கலைஞராகிய தசரத் பட்டேல் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, மக்களுக்கு எளிய அச்சுக்கலையையும் வரைகலையையும் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். பெண்களின் உரிமைக்காகவும் உழைத்தார். ஆடலரங்கம் அவரை ஏறத்தாழ மறந்தேவிட்டது.

ஆனால், ஆடலை அவர் மறக்கவில்லை. அவர் வெறுத்தது ஆடலை அன்று. ஆடலின்மேல் காலப்போக்கிற் படிந்துவிட்ட பூச்சையே ஆகும். பூச்சினை நீக்கினால் உள்ளே எஞ்சுவது யாது? இவ்வினா அவரை இந்நாட்டின் பழைய உடற்கலைகளை நோக்கி அழைத்துச் சென்றது. அவற்றுள் தலையாயவை இரண்டு: ஒன்று யோகம், மற்றொன்று களரிப்பயிற்று.

களரிப்பயிற்று கேரளத்தின் போர்க்கலை. களரி என்பது அதனைப் பயிலும் இடம். வடகேரள மரபில், 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டதாய், தரைமட்டத்திற்குக் கீழே மண்ணைத் தோண்டி அதனை அமைப்பர். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை இருக்கும். மாணவன் வலக்காலை முன்வைத்து உள்ளே இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்கிய பின்னரே பயிற்சி தொடங்குவான். முதலில் வெறும் உடலால் செய்யும் மெய்ப்பயிற்று, அடுத்து மரக்கோல், அதன்பின் வாள், கேடயம், சுருள்வாள் முதலிய படைக்கலங்கள், கடைசியில் வெறுங்கைப்போர். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் ஆகிய எட்டின் நிலைகளை அவர்கள் வடிவு என்பர். யானை வடிவில் உறுதியும், பாம்பு வடிவில் நெளிவும், பூனை வடிவில் பதுங்கிப் பாயும் இயல்பும் அமைந்திருக்கும். ஆசான் வாய்த்தாரி என்னும் சொற்கோவையைக் கூறக் கூற, மாணவன் அதற்கேற்ப இயங்குவான். மழைக்காலத்தில் எண்ணெய் பூசி, தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஆசான் தம் காலால் மாணவனின் உடலை உழிந்துவிடுவதும் உண்டு. பழசி அரசரின் போருக்குப்பின், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலையாளப் பகுதியில் படைக்கலம் வைத்திருத்தலை ஆங்கில ஆட்சியினர் தடுத்தனர். அதனால் மங்கிய இக்கலை 20 ஆம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது.

ஆடலுக்கும் அடலுக்கும் உள்ள உறவு சந்திரலேகா புதிதாகக் கற்பித்த உறவு அன்று. தமிழர்க்கு அது மிகப் பழைய செய்தி. வெற்றி பெற்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடும் குரவைகளைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று மல்லாடல். அது வாணன் என்னும் அசுரனைத் திருமால் மற்போரில் வென்ற ஆடல். மற்றொன்று மரக்காலாடல், அசுரர் விடுத்த நச்சுயிர்களைக் கொற்றவை மரக்கால் மேல் நின்று உழக்கிய ஆடல் அது. சூரனை வென்ற முருகன் ஆடியது துடி. இவையெல்லாம் போர்க்களத்தில் பிறந்து ஆடலரங்கில் வளர்ந்தவை அன்றோ? வடமொழி நாட்டிய சாத்திரமும் உடல் அசைவுகளைக் கூறுமிடத்து, அவை ஆடலுக்கும் போருக்கும் உரியவை என்கிறது. மேடையில் படைக்கலம் ஏந்தும் முறைகள் நான்கினையும் வகுத்துரைக்கிறது. அந்நூல் கூறும் 108 கரணங்களைத் தில்லைக் கோபுரங்களிற் காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சிலவற்றில் காலைத் தலைக்கு மேலே வீசியெறியும் வேகத்தைக் காண்போர்க்கு, அது நாட்டியமோ தாக்குதலோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

1984 ஆம் ஆண்டில் பம்பாயில் கீழைநாட்டு ஆடலரும் மேலைநாட்டு ஆடலரும் கூடிய மாநாடு ஒன்று நிகழ்ந்தது. நெடுநாள் மேடையை விட்டு விலகியிருந்த சந்திரலேகா அதிற் கலந்துகொண்டார். அவருடைய ஆடலைக் கண்டோர் வியந்தனர். அம்மாநாடு அவரை மீண்டும் படைப்புத் தொழிலில் ஈடுபடுத்தியது. மறு ஆண்டிலேயே, அதாவது 1985 இல், அங்கிகா என்னும் படைப்பு வெளிவந்தது. அங்கம் என்பது உடலுறுப்பு. உடலால் வெளிப்படுத்தும் அபிநயம் ஆங்கிகம் எனப்படும். அம்மேடையில் பரதநாட்டியம் பயின்ற மகளிரும் களரி பயின்ற வீரரும் ஒருங்கே தோன்றினர். கதை இல்லை, தலைவன் தலைவி இல்லை, நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் இல்லை. பயிற்சிக்கு உடுத்தும் எளிய சேலையே அவர்களின் உடை. வணக்கமும், விலங்கு நிலைகளும், அடவுகளும், யோக நிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. நாட்டியத்தின் எலும்பும் நரம்பும் அன்றுதான் அவையோருக்குத் தெரிந்தன எனலாம்.

இப்படைப்புக்கான பயிற்சியில் ஆடல் மகளிர் போர்க்கலையின் அசைவுகளையும் பழகவேண்டியிருந்தது. இங்கே, ஆடற்பயிற்சி போர்க்கலை பயில்வார்க்கு எவ்வளவு உதவும், எவ்வளவு தடையாகும் என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

உதவி பெரிது. அரைமண்டியில் பல ஆண்டு நின்று வலுப்பெற்ற கால்கள் களரியின் தாழ்ந்த நிலைகளைக் கண்டு அஞ்சுவதில்லை. தரையை உள்ளங்காலால் உணரும் பழக்கம் ஆடுவோர்க்கு முன்னரே உண்டு. நீண்ட அடவுக்கோவையை ஒருமுறை கண்டு நினைவிற் கொள்ளும் ஆற்றல், மெய்ப்பயிற்றின் வரிசைகளைக் கற்குங்கால் மிகவும் பயன்படும். பிறர் பல நாளிற் கற்பதை ஆடுவோர் சில நாளிற் கற்றுவிடுவர். ஆசானின் வாய்த்தாரிக்கு உடல் உடனே இசைவதும் அவர்க்கு எளிது; நட்டுவனாரின் சொற்கட்டுக்குப் பழகிய காதன்றோ அது? கை செல்லும் வழியே கண் செல்லுதல் வேண்டும் என்பது நாட்டியத்தின் விதி. சிலம்பம் சுழற்றுவோரும் இவ்விதியைத் தம் வழியில் அறிவர்.

தடையும் சிறிதன்று. ஆடுபவர் அவையை நோக்கியே நிற்பவர். போர் பயில்பவரோ எதிரியை நோக்கி நிற்றல் வேண்டும். ஆடுபவரின் முகம் பிறர்க்குச் செய்தி கூறும். போர் பயில்பவரின் முகம் யாதொன்றும் கூறலாகாது. ஆடலில் கை ஒரு முத்திரையில் வந்து நின்று, தன் அழகைச் சற்றே காட்டும். போரில் அவ்வாறு நின்ற கை அடிபடும். அரைமண்டியில் முழங்கால்கள் இருபுறமும் விரிந்து, உடல் நேராக நிற்கும். களரியிலோ உடல் முன்னே சாயும், பின்னே நெளியும், பாயும், உருளும். பரதநாட்டியத்தின் பாதம் ஓசையெழத் தரையைத் தட்டும். பூனை வடிவில் ஓசையெழுந்தால் அது பூனை அன்று. தாளம் முடியுமிடத்தில் அசைவையும் முடிக்கும் பழக்கம் ஆடுவோரின் குருதியில் ஊறியது. எதிரி தாளத்திற்குக் காத்திருப்பதில்லை. இவை எல்லாவற்றிலும் கடினமானது, அழகாயிருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தை விடுதலேயாம். களரியிலும் அழகு உண்டு. ஆனால், அதனைத் தேடுவார்க்கு அது கிட்டுவதில்லை. பயனுடைய அசைவுக்குப் பின்னே நிழல்போல் அது தானே வரும்.

வெளிநாட்டு வரலாற்றிலும் இவ்வுறவைக் காணலாம். உலகப் புகழ்பெற்ற குங்ஃபூ வீரரும் திரைப்பட நடிகருமான புரூசு லீ இளமையில் ஹாங்காங்கில் சா-சா என்னும் நடனத்தைப் பயின்றார். 1958 ஆம் ஆண்டில் அந்நடனப் போட்டியில் முதல்வராகவும் விளங்கினார். அதே காலத்தில் இப் மான் என்னும் ஆசிரியரிடம் விங் சுன் என்னும் போர்முறையையும் கற்றார். 1973 ஆம் ஆண்டில் தம் 32 ஆம் அகவையிலேயே மறைந்த அவ்வீரரின் விரைந்த கால்நகர்வில் நடனத்தின் சாயல் இருந்ததாகக் கூறுவர். பிரேசில் நாட்டில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களிடையே கப்போயிரா என்னும் கலை வளர்ந்தது. பாட்டும் முழவும் சூழ ஆடும் அது, காண்பார்க்கு ஆடலாகவும் எதிர்ப்பார்க்குப் போராகவும் விளங்கியது. 1890 ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் குற்றமென்று தடுத்தது. ஆடலுக்குள் ஒளிந்திருந்த அடலை ஆட்சியாளர் அறிந்திருந்தனர் போலும்.

சந்திரலேகாவின் நோக்கம் ஆடலரைப் போர்வீரர் ஆக்குதல் அன்று. வீரரை ஆடலர் ஆக்குதலும் அன்று. இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைக் காய்ச்சுதலையும் அவர் விரும்பவில்லை. ஒன்றின் அருகே மற்றொன்றை நிறுத்தினால், இரண்டுக்கும் பொதுவான வேர் எதுவென்று உடலே உணர்ந்துகொள்ளும் என்பது அவர் கொள்கை. அவ்வேரை அவர் முதுகந்தண்டில் கண்டார். வளையாத முதுகு உடலுக்கு உறுதி தருவது மட்டுமன்று. பெண்ணுக்குத் தன்மதிப்பையும் தருவது என்று அவர் கருதினார். முன்னர் வறட்சிக் காலத்தில் எழுந்த வினாவும், காத்திருக்கும் தலைவியைப் பற்றி எழுந்த வினாவும் இங்கே வந்து ஒன்றாய்க் கூடின.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? இது பரதநாட்டியமே அன்று என்றனர் சிலர். மரபைச் சிதைக்கிறார் என்றனர் வேறு சிலர். உடற்பயிற்சிக்கும் கலைக்கும் வேறுபாடு தெரியாதவர் என்று எள்ளினோரும் உளர். அக்குற்றச்சாட்டுகள் முற்றும் பொருளற்றவை என்று தள்ளிவிடுதல் முறையன்று. பதத்திற்கு அபிநயம் பிடித்து அவையை உருக்கும் அரிய திறன், அவருடைய மேடையில் இடம்பெறவில்லை. அதனை விரும்புவோர்க்கு அங்கே ஏமாற்றமே எஞ்சியிருக்கும். ஆனால், அவர் மரபை அறியாமல் விட்டவர் அல்லர். முறையாகக் கற்றுத் தேர்ந்தபின் விட்டவர். கற்றவர் விடுவதும் கல்லாதவர் விடுவதும் ஒன்றாகா.

அங்கிகாவைத் தொடர்ந்து பல படைப்புகள் தோன்றின. 12 ஆம் நூற்றாண்டில் பாசுகரர் இயற்றிய கணித நூலாகிய லீலாவதியை 1989 ஆம் ஆண்டில் ஆடலாக்கினார். தேனீக்களையும் தாமரைகளையும் கொண்டு அமைந்த அந்நூலின் கணக்குகள் மேடையில் உயிர்பெற்றன. மூச்சினைப் பொருளாகக் கொண்ட பிராணா 1990 இலும், பெண்ணின் ஆற்றலைக் காட்டும் சிறீ 1991 இலும், யந்திரா 1994 இலும் வந்தன. இவற்றிலெல்லாம் ஆடலும் யோகமும் களரியும் அக்காள் தங்கையர் போல அருகருகே நின்றன. சங்கீத நாடக அகாதமி 1991 ஆம் ஆண்டில் அவருக்கு விருதளித்தது. 2004 ஆம் ஆண்டில் தன் உயரிய சிறப்பாகிய பெல்லோஷிப்பையும் அளித்தது. வெளிநாடுகளிலும் பரிசுகள் கிட்டின. பரிசுகளைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசியவர் அல்லர்.

அவருடைய தோற்றம் ஒருமுறை கண்டவர் மறவாதது. வெண்பஞ்சு போன்ற கூந்தல், மை தீட்டிய கண்கள், நெற்றியில் பெரிய பொட்டு, கைத்தறிச் சேலை. கடற்காற்று வீசும் அவர் மனையின் வாயில் இளைஞர்க்குத் திறந்தே இருந்தது. அங்கே மரநிழலில் அமைந்த திறந்தவெளி அரங்கில் பயிற்சிகள் நடந்தன.

2001 ஆம் ஆண்டில் வந்த சரீரா அவருடைய கடைசிப் படைப்பு. மேடையில் இருவரே இருந்தனர்: ஒருவர் களரி பயின்ற ஆடவர், மற்றவர் பெண். இருவரின் அசைவும் மிகமிக மெல்லச் சென்றன. ஒரு காலை உயர்த்தி இறக்குதற்கே நெடுநேரம் ஆயிற்று. தாம் இளமையில் அரும்பாடுபட்டுக் கற்றதும், நாற்பது ஆண்டுகளாக வினவியதுமான ஆடற்கலையை, அம்மையார் அப்பெண்ணிடம் எதிர்பார்க்கவில்லை. அப்பெண் நாட்டியம் கற்றவர் அல்லர். ஆங்கிலத்தில் எழுதும் இளங்கவிஞர். சலங்கை கட்டிப் பழகாத அக்கால்களுக்கு, எதனையும் மறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மையார் அவரைத் தொடக்கத்திலிருந்து, நிற்றல், மூச்சு விடுதல், முதுகை நிமிர்த்துதல் என்று ஒவ்வொன்றாய்ப் பழக்கினார். அப்படைப்பு பல நாடுகளில் நிகழ்த்தப்பெற்றது. சந்திரலேகா அம்மையார் 2006 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30 ஆம் நாள், தம் 78 ஆம் அகவையில், சென்னையில் மறைந்தார். அவருக்குப் பின்னரும் அக்கடற்கரை மனையில் ஆடலும் கூட்டங்களும் நடைபெற்றன. சரீராவை அவ்விருவரும் தொடர்ந்து ஆடினர்.